மக்களைக் கேட்டார்களா?

"மக்கள் இதை விரும்பவில்லை" என்பதைப் போல் வசதியான வாக்கியம் அரசியலில் வேறில்லை. சொல்பவர் எந்த மக்களை, எப்போது கேட்டார் என்று எவரும் விசாரிப்பதில்லை. கரியமில வாயுவை வெளியேற்றுவோரிடம் அதற்கு விலை வசூலிக்கும் மாநிலத் திட்டங்களைக் குறித்து அமெரிக்காவில் நெடுங்காலமாக இவ்வாக்கியம் ஓதப்பட்டு வருகிறது.

மக்களை உண்மையிலேயே கேட்ட இடம் ஒன்று உண்டு: வாஷிங்டன் மாநிலம். (தலைநகர் அன்று, சியாட்டில் நகரம் இருக்கும் பசிபிக் கரை மாநிலம்.) 2021 இல் அங்கே இயற்றப்பட்ட சட்டம் 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. வெளியேறும் வாயுவுக்கு ஓர் உச்சவரம்பு. அவ்வரம்புக்குள் அடங்கும் அனுமதிகளை அரசு ஏலம் விடும். வரம்பு ஆண்டுதோறும் இறங்கும். ஏலத்தொகை பேருந்துகளுக்கும், தூய காற்றுக்கும், எளிய குடும்பங்களின் மின்கட்டணத்துக்கும் போகும்.

அவ்வாண்டு ஜூனில் அம்மாநிலத்தின் பெட்ரோல் விலை நாட்டிலேயே உச்சத்தைத் தொட்டது. அதில் இச்சட்டத்துக்கும் பங்கு உண்டு, மறைப்பானேன்? முதலீட்டு நிதி நடத்தும் செல்வந்தர் ஒருவரின் பணத்தில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட கையொப்பங்கள் திரட்டப்பட்டன. சட்டத்தை ரத்து செய்வது மட்டுமன்று, இத்தகைய திட்டம் இனி எக்காலத்தும் கூடாது என்பதும் கோரிக்கை. ரத்தானால் எந்தெந்தப் பணிகளுக்கு நிதி குறையும் என்று வாக்குச்சீட்டில் ஒரு வாக்கியம் அச்சாக இருந்தது. அதை நீக்கக் கோரி ரத்துத் தரப்பினர் வழக்குத் தொடுத்துத் தோற்றனர். மக்களை நம்புகிறவர்கள் ஒரு வாக்கியத்துக்கு ஏன் இத்தனை அஞ்ச வேண்டும்?

2024 நவம்பர் 5 அன்று ஏறத்தாழ 62 விழுக்காட்டினர் ரத்தை நிராகரித்தனர்.

பிரசாரப் பணம் சட்டத்தைக் காக்க நின்றவர்களிடமே அதிகம் என்பார்கள். உண்மைதான். ஆனால் 2018 இல் கரிமக் கட்டணத்தை எதிர்த்து எண்ணெய்த் தொழில் 3 கோடி டாலருக்கு மேல் கொட்டியபோது இந்தக் கவலை எவருக்கும் எழவில்லையே!

எனக்கு வியப்பளிப்பது வேறொன்று. இதே வாக்காளர்கள் 2016 இல் ஒரு கரிம வரியையும், 2018 இல் அக்கட்டணத்தையும் தோற்கடித்தவர்கள். தொடங்கத் தயங்கியவர்கள், தொடங்கியதைக் கலைக்க மறுத்தார்கள். விலையையும் பயனையும் ஒருசேரக் கண்டபின் சொன்ன தீர்ப்புக்கே எடை அதிகம் என்பேன். கலிபோர்னியாவிலும் 2010 இல், வேலையின்மை கடுமையாக இருந்த காலத்திலேயே, பருவநிலைச் சட்டத்தை நிறுத்திவைக்கும் யோசனையை ஐவரில் மூவர் நிராகரித்தனர். அதற்குப் பணம் தந்தவை பெரும்பாலும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிறுவனங்கள்.

இனிக் கிழக்குக் கரைக்கு வருவோம். 2009 இல் பத்து மாநிலங்கள் கூடி மின்நிலையங்களுக்கு இத்தகைய திட்டத்தைத் தொடங்கின. நியூ ஜெர்சியை 2011 இல் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி ஓர் அறிவிப்பால் வெளியேற்றினார். 2020 இல் அது திரும்பி வந்தது. பின்னர் இணைந்த வர்ஜீனியாவை 2023 இறுதியில் ஆளுநர் யங்கின் நிர்வாக விதி ஒன்றின் மூலம் வெளியேற்றினார். சட்டமன்றம் சேர்த்ததைச் சட்டமன்றம்தான் நீக்க முடியும் என்று 2024 நவம்பரில் நீதிமன்றம் கூறியது. வாஷிங்டன் வாக்களித்த அதே மாதம்! பென்சில்வேனியாவோ 2025 நவம்பரில் வரவுசெலவுத் திட்டப் பேரத்தில் இதைக் கைவிட்டது.

அம்மூன்று மாநிலங்களிலும் இக்கேள்வியைத் தாங்கிய வாக்குச்சீட்டு ஒன்றுகூட அச்சிடப்படவில்லை. "மக்கள் விரும்பவில்லை" என்பது மட்டும் அங்கே உரக்கக் கேட்டது.