கிணத்து முறைக்கும் இலவச வக்கீல் உண்டு

போன கோடையில் பக்கத்து ஊர் அக்கா ஒருத்தர் கறவை மாட்டை விற்றார், வக்கீலுக்கு முன்பணம் கட்ட. கூட்டுக் கிணற்றில் அவருக்கு மூன்றில் ஒரு பங்கு. கணவர் இறந்த பிறகு கொழுந்தனார் மோட்டாரைத் தொட விடவில்லை. மாடு போனால் சாணம் போச்சு, கோமியம் போச்சு, அப்புறம் ஏது ஜீவாமிர்தம்? ஐந்து வருசம் ரசாயனம் படாமல் தேற்றி வைத்த மண் அது.

என் வயிற்றெரிச்சல் என்னன்னா, அவர் ஒரு ரூபாய்கூடச் செலவழித்திருக்க வேண்டியதில்லை. 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. வெள்ளத்திலும் வறட்சியிலும் பாதிக்கப்பட்டவர்களும் அந்தப் பட்டியலில் இருக்காங்க. மற்றவர்களுக்கு வருமான வரம்பு. கோர்ட்டு கட்டணத்தையும் அவங்களே பார்த்துக்குவாங்க. தாலுகா கோர்ட்டிலேயே வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கு. 15100-க்கு போன் போட்டும் கேட்கலாம்.

அக்கா அந்தக் கோர்ட்டுக்கு ஏழெட்டு தடவை போயிருக்கார். ஒருத்தரும் சொல்லவில்லை. போர்டு இருந்ததாம், எழுத்துக்கூட்டிப் படிக்கிறவருக்கு அது என்ன செய்யும்?

ஓசி வக்கீல் ஒழுங்கா வாதாட மாட்டார்னு ஒரு பேச்சு உண்டு. முழுப் பொய்யென்று சொல்ல மாட்டேன். வாய்தாவுக்கு வராதவரைப் பார்த்திருக்கிறேன், காசு வாங்கிக்கொண்டு வராதவரையும் பார்த்திருக்கிறேன். சரியில்லை என்றால் மாற்றித் தரச் சொல்லிக் குழுவிலேயே எழுதிக் கொடுக்கலாம்.

மக்கள் நீதிமன்றத்துக்குப் போகிறவர்கள் ஒன்று கவனிக்கணும். அங்கே ராஜியானால் கட்டிய கோர்ட்டு கட்டணம் திரும்பக் கிடைக்கும். ஆனால் மேல்முறையீடு கிடையாது. எந்தக் கிழமை, எத்தனை மணி நேரம் தண்ணீர், மோட்டார் ரிப்பேரானால் யார் செலவு என்று எழுதாத ராஜியில் கையெழுத்துப் போடாதீங்க. (கரண்டு இலவசம் என்பதால் அந்தச் சண்டையாவது இல்லை.)

நம்ம பக்கமும் குறை இருக்கு. விதைத் திருவிழாவில் பாரம்பரிய நெல்லுக்கு வரிசையாகக் கடை போடுறோம், சட்டப் பணிகள் குழுவுக்கு ஒரு மேசை கொடுத்தால் என்ன? சட்டத் தன்னார்வலர் பயிற்சிக்கு ஒவ்வொரு குழுவிலிருந்தும் ஒருத்தரை அனுப்பணும். எங்க குழுவில் என் மருமகள் பேரைக் கொடுத்திருக்கேன்.

அக்கா வழக்கு இப்போ குழு வக்கீல் கையில். பத்திர நகல், வாரிசுச் சான்று எல்லாம் கொடுத்தாச்சு. மாடு திரும்பி வரல. ஆடிப்பட்டத்துக்குள் தண்ணி கிடைத்தால் போடலாம்னு கம்பு விதையைச் சாம்பலில் கலந்து எடுத்து வைத்திருக்கார்.