ஓடும் காரில் மடி காப்பாற்றாது

கைக்குழந்தையோடு காரில் ஏறினால் தாய் முன்சீட்டில் உட்கார்ந்து குழந்தையை மடியில் வைத்துக்கொள்வதுதான் நம் வீடுகளின் வழக்கம். அம்மா மடியைவிடப் பத்திரமான இடம் ஏது என்று கேட்பார்கள். பாசத்தில் பிறந்த இந்த நம்பிக்கை காருக்குள் குழந்தையின் உயிருக்கே ஆபத்தாகிறது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் எதன்மீதோ மோதி, நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். கார் நின்றாலும் உள்ளே இருக்கும் உடல்கள் அதே வேகத்தில் முன்னே பாயும். அப்போது 10 கிலோ குழந்தையை இழுத்துப் பிடிக்க, ஏறக்குறைய 140 கிலோவைத் தாங்கும் பலம் வேண்டும். எந்தத் தாயின் கையாலும் அது ஆகாது. அவர் பெல்ட் போடாமல் இருந்தால், அவருடைய முழு எடையும் பின்னாலிருந்து வந்து குழந்தையை டாஷ்போர்டோடு சேர்த்து நசுக்கும். ஒரே பெல்ட்டை இருவருக்கும் சேர்த்து மாட்டினாலும் கதி அதுதான். ஏர்பேக் இருக்கிறதே என்று நிம்மதி அடையவும் வழியில்லை. பெரியவரின் மார்பை மனதில் வைத்துச் செய்யப்பட்ட அந்தப் பை, மணிக்குச் சுமார் 300 கிலோமீட்டர் வேகத்தில் விரிந்து, மடியிலிருக்கும் குழந்தையின் தலையில்தான் முதலில் அறையும்.

ஊருக்குள் 40-ஐத் தாண்டுவதே இல்லை என்பார்கள். 40-இல் மோதுவது இரண்டாவது மாடியிலிருந்து விழுவதற்குச் சமம். நாங்களெல்லாம் மடியில் உட்கார்ந்து வளர்ந்தவர்கள்தானே என்பது, விபத்தில் சிக்காதவர்கள் மட்டுமே சொல்லக்கூடிய வாதம். குழந்தைக்கென்றே காரில் பொருத்தும் சைல்ட் சீட்டில் வைத்தால் குழந்தை வீறிட்டு அழுகிறது என்பது மட்டும் உண்மையான கஷ்டம். பிறந்த நாளிலிருந்தே பழக்கினால் அழுகை குறையும். தாய் பின்சீட்டில் பக்கத்திலேயே உட்காரலாம். பாலூட்ட வண்டியை ஓரம்கட்டலாம். வாடகைக் காரில் எப்போதாவது போகிறவர்களுக்குச் செலவு பாரம்தான், அவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பல லட்சம் கொடுத்துக் கார் வாங்கி, அதற்குமேல் அலாய் வீலும் பெரிய திரையும் பொருத்துகிறவர் இந்தச் சீட்டுக்கு மட்டும் காசில்லை என்று சொன்னால் ஏற்க முடியாது.

ஸ்வீடனில் பெர்ட்டில் ஆல்ட்மன் என்ற ஆய்வாளர் 1960-களிலேயே, பின்பக்கம் பார்த்தபடி குழந்தையை உட்கார வைக்கும் இருக்கையை உருவாக்கினார். சிசுவின் தலை உடலோடு ஒப்பிட்டால் மிகப் பெரியது, கழுத்தோ வலுவற்றது. பின்பக்கம் பார்த்து அமர்ந்தால் மோதலின் விசை கழுத்தில் குவியாமல் முதுகு முழுவதும் பரவும். அங்கே நான்கு வயது வரைகூடக் குழந்தைகள் அப்படித்தான் பயணிக்கிறார்கள். நம் நாட்டிலும் சட்டம் இல்லாமல் இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தின்படி, 14 வயதுக்குட்பட்டவரை சீட் பெல்ட்டோ உரிய குழந்தை இருக்கையோ இல்லாமல் ஏற்றிச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம். ஹெல்மெட்டுக்காக வண்டியை மறிக்கும் போலீஸ், முன்சீட்டு மடியில் நிற்கும் குழந்தையைக் கண்டும் காணாமல் விடுகிறது. பிரசவ ஆஸ்பத்திரிகளும் தடுப்பூசி அட்டையைக் கையில் கொடுப்பதோடு நிறுத்திக்கொள்கின்றன. பச்சிளங்குழந்தை முதன்முதலாக வண்டி ஏறும் அந்த டிஸ்சார்ஜ் நாளிலேயே, காரில் சீட் பொருத்தியாயிற்றா என்று டாக்டரோ நர்ஸோ கேட்டாக வேண்டும்.