புது வீட்டுக்கு முதல் வருஷம் வெள்ளையே போதும்

ஊர்ல அப்பா அம்மாவுக்கு வீடு கட்டிக்கொடுக்கிற சென்னை, பெங்களூர் நண்பர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பால் காய்ச்சுற அன்னைக்கே வீடு கலர் கலரா மின்னணும்னு நிற்காதீங்க. பெயிண்டுக்கு ஒதுக்கின பணத்தை அடுத்த மாசி வரைக்கும் தொடாம வையுங்க.

ஒரு மூட்டை சிமெண்டைக் குழைக்கவே 25 லிட்டர் பக்கம் தண்ணீர் ஊத்துறோம். அது போக, கட்டுவேலைக்கும் பூச்சுக்கும் நாள்கணக்கில் நனைக்கிறோம். சிமெண்ட் இறுகுவதற்குக் குடிச்சது போக மிச்சமெல்லாம் சுவர் வழியாத்தான் வெளியே வந்தாகணும். பூசி 28 நாள் விட்டா போதும்னு சொல்வாங்க. நல்ல வெயில் காலத்தில் பூச்சு மட்டும் அப்படிக் காயலாம். உள்ளே இருக்கிற செங்கல்? ஆடிக் கடைசியில் பூசி, ஆவணியில் பெயிண்ட் அடிச்சுப் பால் காய்ச்சினா, ஐப்பசியில் அடைமழை பிடிச்சிடும்.

எங்க கரிசல்காட்டுப் பக்கம் போர் தண்ணியும் உப்பு. ஈரம் வெளியே வரும்போது அந்த உப்பையும் தூக்கிட்டு வரும். மேலே பெயிண்ட் வழியை அடைச்சு நின்னா, கொப்புளம் போட்டு மாவா உதிரும். எங்க தெருவிலேயே ஒரு வீடு இருக்கு. பையன் சென்னையில் கடன் வாங்கிக் கட்டினது, அம்மா மட்டும் இங்கே. அந்தப் பெரியம்மா தினம் வாசல் தெளிக்கிறதுக்கு முன்னாடி, சுவரோரம் உதிர்ந்து கிடக்கிற பட்டியைக் கூட்டி அள்ளுறாங்க. பையன் எனக்குப் போன் போட்டு, "சித்தப்பா, மட்டமான பெயிண்டைக் கொடுத்துட்டானா?" என்று கேட்டான். "பெயிண்ட்ல தப்பில்லப்பா, சுவர் இன்னும் காயல. நீ திரும்பத் திரும்ப அடிச்சாலும் இதேதான்" என்றேன். வட்டி ஓடிட்டிருக்கு, பாவம்.

கரிசல் மண்ணில் இன்னொரு தொல்லை. கோடையில் கால் நுழையிற அளவுக்கு வெடிக்கும், மழையில் உப்பும். வீடும் அதோடு கொஞ்சம் அசையும். விரிசல் எங்கே விடும்னு ஒரு கோடையும் ஒரு மழையும் பார்த்தாத்தான் தெரியும். அதுக்கு முன்னாடி பட்டி பார்த்து இழைக்கிறது வீண் செலவு.

அப்போ முதல் வருஷம் என்ன அடிக்கலாம்? சுண்ணாம்பு நல்லதுதான், ஈரத்தை வெளியே விடும். ஆனா பிறகு அதைச் சுரண்டாம மேலே பெயிண்ட் அடிச்சா பிடிக்காது. சட்டையில வேற ஒட்டும். அதனால ஒயிட் சிமெண்ட் இரண்டு கை அடிச்சு விட்டுடுங்க. "காசு தீர்ந்துபோச்சு போல"ன்னு ஊர் பேசத்தான் செய்யும். ஒரே நாள் சாப்பிட்டுப் போறவங்க பேச்சு அது. வீட்டுக்குள்ள வருஷம் பூரா ஈர வாடையோட கிடக்கப் போறது உங்க அம்மா.

மாசி, பங்குனிதான் பெயிண்டுக்குச் சரியான நேரம். மழை ஈரம் போயிருக்கும், சுவர் இன்னும் அடுப்பா சுடாது. சந்தேகமா இருந்தா ஒரு முழத்துக்குப் பாலித்தீன் காகிதத்தைச் சுவரில் வைச்சு, நாலு பக்கமும் டேப் ஒட்டி, ஒரு நாள் விடுங்க. உள்பக்கம் முத்து முத்தாத் தண்ணி கோர்த்தா இன்னும் ஒரு மாசம் பொறுங்க.

ஏற்கெனவே அடிச்சு உரிஞ்சுட்டா அது மேலேயே இன்னொரு கை அடிக்காதீங்க. தளம் ஒழுகுதா, குளியலறைக் குழாய் கசியுதான்னு முதல்ல பாருங்க. உரிஞ்சதைச் சுரண்டி, உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால தட்டுங்க. தண்ணி விட்டுக் கழுவினா உப்பு திரும்ப உள்ளேயே போகும். வடக்குச் சுவரில் வெயில் சரியா விழாது, அதை மட்டும் கடைசியா அடிக்கச் சொல்லுங்க.