எட்டாம் வகுப்பில் முதலிடம் யாருக்கு?

வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு நடந்து செல்லும் திருப்பயணிகள் காரைக்கால் சாலைகளைக் கடந்து போகும் நாள்கள் அவை. 2022-ஆம் ஆண்டு செப்டம்பர் 2, வெள்ளிக்கிழமை. காரைக்காலில் உள்ள ஒரு தனியார் பள்ளியில் ஆண்டு விழாவுக்கான ஒத்திகை முடிந்து, எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் வீடு திரும்பினான். வயது 13. வந்ததும் வாந்தி எடுத்தான். பள்ளிக் காவலாளி வழியாகத் தன்னிடம் வந்த குளிர்பானத்தைக் குடித்ததாகப் பெற்றோரிடம் சொன்னான். மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட அவன் மறுநாள் இரவு இறந்துபோனான். கண்காணிப்புக் கேமராப் பதிவுகளைப் பார்த்த காவல்துறையினர், அவனோடு ஒரே வகுப்பில் படித்த ஒரு மாணவியின் தாயைக் கைது செய்தனர். படிப்பில் தன் மகளுக்கு அவன் போட்டியாக இருந்ததே காரணம் என்பது காவல்துறையின் குற்றச்சாட்டு.

அந்தச் செய்தியைக் கேட்டு நாடே அதிர்ந்தது. நம் ஊரின் பெயர் தொலைக்காட்சிகளில் திரும்பத் திரும்ப ஒலித்தது. குற்றத்தை விசாரித்துத் தீர்ப்பளிப்பது நீதிமன்றத்தின் பணி. அதை நாம் கையில் எடுக்க வேண்டியதில்லை. மகனைப் பறிகொடுத்த அந்தக் குடும்பத்தின் புண்ணைக் கிளறுவதும் நம் நோக்கமல்ல. ஆனால் ஒரு கேள்வியை நாம் தட்டிக்கழிக்க முடியாது. எட்டாம் வகுப்பு மதிப்பெண், ஓர் உயிரோடு ஒப்பிடத்தக்க பொருளாக ஒரு வீட்டில் எப்படி மாற முடிந்தது?

'அது எங்கோ ஒருவர் செய்த கொடூரம், நம் வீட்டுக்கும் அதற்கும் என்ன தொடர்பு?' என்று கேட்கத் தோன்றும். உண்மைதான். மதிப்பெண்ணுக்காக மனம் வருந்தும் பெற்றோர் எல்லாரும் குற்றம் செய்வதில்லை. ஆனால், 'அவன் எவ்வளவு வாங்கினான்?' என்ற கேள்வி நம் எல்லார் வீட்டிலும் கேட்கிறது. அந்தக் கேள்வி எந்த வயதுப் பிள்ளையின் காதில் விழுகிறது என்பதைத்தான் நாம் இங்கே சிந்திக்க வேண்டும்.

ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளில் படிக்கும் பிள்ளைகளுக்குப் பதினொன்று முதல் பதினான்கு வயது. 2020-இல் வெளிவந்த தேசியக் கல்விக் கொள்கையும் இந்த மூன்று வகுப்புகளையும் நடுநிலை என்ற தனிப் படியாகப் பிரித்துக் காட்டுகிறது. அமெரிக்காவில் கொலம்பஸ் நகரில் 1909-ஆம் ஆண்டிலேயே இந்த வயதினருக்கெனத் தனிப் பள்ளி தொடங்கினார்கள். சிறு பிள்ளைகளோடும் சேராத, பெரியவர்களோடும் சேராத இந்த வயதுக்குத் தனிக் கவனம் தேவை என்பதை உலகம் அன்றே உணரத் தொடங்கிவிட்டது.

இந்த வயதில் பிள்ளைகளுக்கு என்ன நடக்கிறது? முதலில் உடல் மாறுகிறது. பெண் பிள்ளைகள் பலர் இந்த ஆண்டுகளில்தான் பூப்பெய்துகிறார்கள். ஆண் பிள்ளைகளுக்குக் குரல் உடைகிறது, மீசை அரும்புகிறது. ஒரே வகுப்பில் ஒருவன் அப்பாவின் தோளைத் தொடுவான், அவன் பக்கத்தில் இருப்பவனோ ஐந்தாம் வகுப்புப் பிள்ளையைப் போல் இருப்பான். இரண்டும் இயல்புதான். ஆனால் இருவருக்குமே உள்ளூர ஒரு கூச்சம் இருக்கும். இரவில் தூக்கம் வரும் நேரமும் தள்ளிப்போகிறது. பன்னிரண்டு வயது வரை ஒன்பது மணி நேரத்துக்குக் குறையாமலும், அதற்கு மேற்பட்ட வளரிளம் பருவத்தினர் எட்டு முதல் பத்து மணி நேரமும் தூங்க வேண்டும் என்று மருத்துவ வல்லுநர்கள் சொல்கிறார்கள். டியூஷன் முடிந்து இரவு ஒன்பது மணிக்கு வீடு வந்து, விடியற்காலை ஐந்து மணிக்குப் படிக்க எழுப்பப்படும் பிள்ளைக்கு இது எப்படிக் கிடைக்கும்? காலையில் அது காட்டும் எரிச்சலைத் திமிர் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். பல நேரங்களில் அது வெறும் தூக்கக் குறைவுதான்.

இரண்டாவதாக, பள்ளி மாறுகிறது. ஐந்தாம் வகுப்பு வரை பெரும்பாலும் ஒரே ஆசிரியரின் பார்வையில் வளர்ந்த பிள்ளைக்கு, ஆறாம் வகுப்பில் பாடத்துக்கு ஓர் ஆசிரியர். ஆளுக்கொரு விதமான கண்டிப்பு, ஆளுக்கொரு விதமான வீட்டுப்பாடம். ஊரில் இருந்த தொடக்கப்பள்ளியை விட்டு, பேருந்தில் ஏறிக் காரைக்கால் நகரத்துக்கு வரும் பிள்ளைகளுக்குப் புது முகங்களும் சேர்ந்துகொள்கின்றன. புதுச்சேரி அரசு 2023-24 கல்வியாண்டில் தன் பள்ளிகளில் ஆறாம் வகுப்பு தொடங்கி மேல் வகுப்புகளையும் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கு மாற்றத் தொடங்கியது. அதுவரை தமிழ்நாட்டுப் பாடநூல்களைப் படித்த பெற்றோரும், அண்ணன் அக்காமார்களும், இன்று அந்தப் பிள்ளையின் புத்தகத்தைத் திறந்து உதவி செய்யத் தடுமாறுகிறார்கள். வீட்டில் உதவி குறைந்து, எதிர்பார்ப்பு மட்டும் குறையாமல் இருந்தால் பிள்ளை என்ன செய்யும்?

மூன்றாவதாக, நட்பு மாறுகிறது. 'நான் யார்?' என்ற கேள்விக்கு விடையை இந்த வயதுப் பிள்ளை பெற்றோரிடம் மட்டும் தேடுவதில்லை, நண்பர்களின் முகத்திலும் தேடுகிறது. மதிய உணவு இடைவேளையில் யார் பக்கத்தில் உட்கார இடம் கிடைத்தது, விளையாட்டில் யார் தன்னைச் சேர்த்துக்கொண்டார்கள் என்பதெல்லாம் நமக்குச் சிறிய செய்திகள். அதற்கு அவை அன்றைய நாளின் தலைப்புச் செய்திகள். இப்படி நட்பைத் தேடும் வயதில், 'அவனை நீ முந்த வேண்டும்' என்று நாம் சொல்லும்போது, நண்பனையே எதிரியாகப் பார்க்கக் கற்றுக்கொடுக்கிறோம். பிள்ளை ஒரு பக்கம் நண்பனை இழக்கிறது. மறு பக்கம், தோற்றால் வீட்டிலும் அன்பு குறையுமோ என்று அஞ்சுகிறது.

இந்த முதலிடம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் வியப்பாக இருக்கிறது. நம் பிள்ளைகள் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் பொதுத்தேர்வு எழுதிய காலத்தில், 2017-ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித்துறை பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகளில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என அறிவிக்கும் வழக்கத்தைக் கைவிட்டது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டம், எட்டாம் வகுப்பு முடியும் வரை எந்தப் பிள்ளைக்கும் வாரியப் பொதுத்தேர்வு கட்டாயமில்லை என்கிறது. மாணவர் அச்சமும் பதற்றமும் இல்லாமல் கற்க வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் உள்ளது. பிள்ளையை உடலால் தண்டிப்பதையும் மனத்தால் துன்புறுத்துவதையும் அது தடை செய்கிறது. எட்டாம் வகுப்பில் யார் முதலிடம் என்று பின்னாளில் எந்தக் கல்லூரியும் கேட்கப்போவதில்லை, எந்த வேலைக்கும் அது தேவையில்லை. பொதுத்தேர்விலேயே கைவிடப்பட்ட ஒன்றை, எட்டாம் வகுப்பில் நாம்தான் கட்டிக் காத்து வருகிறோம். பள்ளி வாசலில், வாட்ஸ்அப் குழுக்களில், உறவினர் வீட்டுத் திருமணப் பந்தியில் அது உயிரோடு இருக்கிறது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். 'படிப்பை விட்டால் எங்களுக்கு வேறு என்ன இருக்கிறது? போட்டி இல்லாமல் பிள்ளை எப்படி முன்னேறும்?' கிளிஞ்சல்மேட்டில் கடலை நம்பி வாழும் குடும்பமும், நெடுங்காட்டில் பிறர் வயலில் கூலிக்குப் போகும் குடும்பமும் இப்படிக் கேட்டால் அதைத் தவறென்று சொல்ல முடியாது. தான் பட்ட பாடு தன் பிள்ளை படக்கூடாது என்ற தவிப்பு அது. ஆனால் நன்றாகப் படிப்பது வேறு, அடுத்த பிள்ளையைக் கீழே தள்ளுவது வேறு. பின்னம் புரியாத பிள்ளைக்கு, வகுப்பில் அது பத்தாமிடம் என்று தெரிவதால் பின்னம் புரிந்துவிடாது. முதலிடம் பெறும் பிள்ளைக்கும் அது தான் கற்றது என்ன என்பதைச் சொல்வதில்லை.

தரவரிசையை மட்டும் பார்க்கும்போது பின்தங்கும் பிள்ளை நம் கண்ணில் படாமலே போகிறது. 2019-இல் திருத்தப்பட்ட கல்வி உரிமைச் சட்டம், ஐந்தாம், எட்டாம் வகுப்புகளில் தேர்ச்சி பெறாத பிள்ளைகளை அதே வகுப்பில் நிறுத்தி வைப்பதா என்பதை முடிவு செய்யும் உரிமையை அரசுகளுக்கு அளித்தது. 2024 டிசம்பரில் மத்திய அரசு அதற்கான விதிகளை வெளியிட்டது. அதன்படி, தேர்ச்சி பெறாத பிள்ளைக்குக் கூடுதல் பயிற்சி தந்து, இரண்டு மாதங்களுக்குள் மறுதேர்வு வைக்க வேண்டும். அதிலும் தேறாவிட்டால் நிறுத்தி வைக்கலாம். ஆனால் எட்டாம் வகுப்பு முடியும் வரை பள்ளியை விட்டு வெளியேற்றக் கூடாது. எனவே பெற்றோர் கேட்க வேண்டியது, 'என் பிள்ளை எத்தனையாவது இடம்?' என்பதல்ல. 'எந்தப் பாடம் புரியவில்லை? எப்போதிலிருந்து புரியவில்லை? யார் சொல்லித் தருவார்கள்?' என்பவையே.

அன்புப் பெற்றோரே, நம் வீட்டில் இன்றே செய்யக்கூடியவை சில உண்டு. பிள்ளை பள்ளியிலிருந்து வந்ததும் மதிப்பெண்ணைக் கேட்காமல், 'இன்று யாரோடு சாப்பிட்டாய்?' என்று கேட்டுப் பாருங்கள். அந்தக் கேள்விக்கு ஒரு வாரம் தொடர்ந்து 'யாரோடும் இல்லை' என்று விடை வந்தால், அது முன்னேற்ற அட்டையில் வரும் குறைந்த மதிப்பெண்ணைவிடக் கவனிக்க வேண்டிய செய்தி. முன்னேற்ற அட்டை வந்த நாளில் வேறு பிள்ளையின் பெயரை வீட்டில் எடுக்காதீர்கள். போன தேர்வில் உங்கள் பிள்ளை எங்கிருந்தது, இப்போது எங்கிருக்கிறது என்பதை மட்டும் பாருங்கள். உடல் மாற்றங்களைப் பற்றித் தாய் மகளிடமும், தந்தை மகனிடமும் கூச்சமின்றிப் பேசுங்கள். நாம் பேசாவிட்டால் கைப்பேசி பேசிவிடும்.

காரைக்காலில் பல வீடுகளில் தந்தை பிரான்சிலோ வளைகுடா நாடுகளிலோ இருக்கிறார். வாரத்தில் ஒருநாள் தொலைபேசியில் அழைக்கும் தந்தை, 'நல்லாப் படிக்கிறியா?' என்று கேட்டுவிட்டு அம்மாவிடம் தொலைபேசியைக் கொடுக்கச் சொல்வதுண்டு. அந்த ஐந்து நிமிடத்தில் மகனின் நண்பர்கள் இரண்டு பேருடைய பெயரையாவது கேட்டுத் தெரிந்துகொண்டால், அவனோடு பேச அடுத்த வாரத்துக்கும் ஒரு செய்தி இருக்கும்.

பிள்ளை திடீரெனப் பள்ளிக்குப் போக மறுத்தால், காரணமின்றி வயிற்றுவலி, தலைவலி என்று அடிக்கடி சொன்னால், சாப்பாட்டையும் தூக்கத்தையும் விட்டால், 'நான் இருந்து என்ன பயன்?' என்பது போலப் பேசினால், அதை நடிப்பு என்று ஒதுக்காதீர்கள். வகுப்பாசிரியரைப் போய்ப் பாருங்கள். மருத்துவரிடம் காட்டுங்கள். மனநல ஆலோசனைக்கு 14416 என்ற டெலி மனாஸ் எண்ணும், குழந்தைகளுக்கு ஆபத்து என்றால் 1098 என்ற எண்ணும் இருக்கின்றன. இவற்றை வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள். பெரியவர்களுக்கும் இது பொருந்தும். பிள்ளையின் மதிப்பெண்ணால் தன் தூக்கம் கெடுகிறது, அடுத்த வீட்டுப் பிள்ளையைக் கண்டால் கசப்பு வருகிறது என்று ஒரு தாயோ தந்தையோ உணர்ந்தால், அதை யாரிடமாவது மனம் விட்டுச் சொல்வதில் வெட்கமில்லை. அன்பியக் கூட்டத்தில் ஒருவர் இதைச் சொன்னால், கேட்கும் மற்றவர்கள் அறிவுரை கூற அவசரப்படாமல் இருந்தாலே பாதிச் சுமை இறங்கும்.

பங்குகளிலும் ஒரு சிறு மாற்றம் செய்யலாம். ஆண்டுதோறும் முதல் மதிப்பெண் பெற்ற பிள்ளைகளை மேடையேற்றிப் பரிசளிக்கிறோம். நல்லதுதான். ஆனால் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்காவது இதை மாற்றிப் பார்க்கலாமே? பின்தங்கிய நண்பனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்த பிள்ளை, உடல்நலமில்லாத பாட்டியைக் கவனித்துக்கொண்டே பள்ளிக்கு வந்த பிள்ளை, இவர்களையும் அதே மேடைக்கு அழைக்கலாம். ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு, இந்த வயதுப் பிள்ளைகள் மதிப்பெண் இல்லாமல் ஒன்றுகூடும் ஓர் இடம். அங்கேயும் தரவரிசையைக் கொண்டுவர வேண்டாமே!

2022 செப்டம்பரில் அந்த வகுப்பிலிருந்து ஒரு மாணவன் என்றென்றைக்கும் விடைபெற்றான். அவனைப் பற்றி நாடே பேசியது. அதே வகுப்பில் ஒரு மாணவியும் இருந்தாள். தான் செய்யாத ஒன்றுக்காக, அந்தப் பிஞ்சு வயதில் ஒரு பெரும் பாரத்தை அவள் சுமக்க நேர்ந்தது. அவளைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை. இருவருமே குழந்தைகள். ஒரே ஆண்டு விழாவில் ஒன்றாகக் கைதட்டியிருக்க வேண்டியவர்கள்.

இன்று மாலை நம் பிள்ளை பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழையும்போது, முதலில் அதன் முகத்தைப் பார்ப்போம். முன்னேற்ற அட்டையைச் சாப்பிட்ட பிறகு பார்த்துக்கொள்ளலாம்.