பழி விளம்பரத்தின் மேலா?

வாணிக வானொலியில் நல்ல தமிழ் வாழாது என்று கூறுவோர் உளர். விளம்பரதாரரை மனநிறைவு செய்யவே ஆங்கிலம் கலந்து பேச வேண்டியுள்ளது என்பர் சில நிலையத்தார். இவ்விரண்டும் வரலாற்றோடு பொருந்தாத கூற்றுகள்.

இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பு 1950ஆம் ஆண்டில் தொடங்கியது. இந்திய அரசு வானொலி 1952இல் திரைப்பாடல்களைப் புறக்கணித்தபோது தமிழகத்து நேயர்கள் கொழும்பை நாடினர். அவ்வொலிபரப்பு விளம்பர வருவாயில் வாழ்ந்தது. திரைப்பாடல்களையே மிகுதியாக ஒலிபரப்பியது. ஆயினும் கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீது போன்ற அறிவிப்பாளர்களின் திருத்தமான தமிழுக்காகவே காத்திருந்தோர் பலர். வழலைக்கட்டி விளம்பரத்திலும் ழகரம் ழகரமாகவே ஒலித்தது.

அவ்வொலிபரப்பின் செல்வாக்குப் பின்னர்க் குன்றியது. 1967இல் இந்தியாவின் விவித பாரதி விளம்பரங்களை ஏற்கத் தொடங்கியது. ஒலிநாடாவும் தொலைக்காட்சியும் பரவின. 1983இல் இலங்கையில் போர் மூண்டது. விளம்பரம் வந்ததால் அது நலியவில்லை. விளம்பரமும் நேயரும் வேறிடம் சென்றதால் நலிந்தது. நல்ல தமிழ் எவ்விடத்தும் அதற்குத் தடையாக நின்றதில்லை.

அம்பாங்கான் வட்டாரத்து மாணவனுக்கு இவ்வரலாறு எதற்கு எனலாம். தோட்டத்து லயங்களில் முதியோர் பேச்சும் திருமுறையும் கூத்தும் கேட்டு வளர்ந்தது ஒரு தலைமுறை. தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளான பின், பல இல்லங்களில் இடைவிடாது ஒலிக்கும் தமிழ் வானொலித் தமிழே. ஆசிரியர் ஒரு பாடவேளை ல, ழ, ள வேறுபாட்டைக் கற்பிக்கிறார். அறிவிப்பாளரோ நாள் முழுதும் அதனை அழிக்கிறார். எது நிலைக்கும்?

'இளைஞர் பேசுவதையே பேசுகிறோம்' என்பது மற்றொரு சாக்கு. இளைஞர் கேட்டதைத்தானே பேசுகின்றனர்? குளத்தைக் கலக்கியவனே, நீர் தெளிவில்லை என்று குறை கூறலாமா?

அறிவிப்பாளர் தேர்வில் ஒலிப்புத் தேர்வு கட்டாயமாதல் வேண்டும். விளம்பர வாசகங்களைத் தமிழறிந்தோர் திருத்திய பின்னரே ஒலிபரப்புதல் வேண்டும். இவை பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல.

ஆசிரியருக்கும் கடமை உண்டு. மலேசியாவில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. கேட்ட பிழையையும் அதன் திருத்தத்தையும் குறித்து, பள்ளிக்கொரு மடல் திங்கள்தோறும் நிலையங்களுக்குச் செல்லட்டும். மாணவர்க்கு அது மொழிப்பயிற்சி. நிலையத்தார்க்கு நேயர் விழித்திருக்கின்றனர் என்னும் அறிவிப்பு. விளம்பரதாரர் நேயரைத் தேடி வருபவர். நேயர் நல்ல தமிழை நாடினால் அவரும் அதனையே நாடுவார்.