கிரீன்வில்லின் அடுத்த திட்டம்

அமெரிக்காவின் தென் கரோலினாவிலுள்ள கிரீன்வில், பஞ்சாலைகளால் வளர்ந்த ஊர். புறநகரில் வணிக வளாகங்கள் வந்ததும் அதன் கடைவீதி காற்று வாங்கத் தொடங்கியது. 1970களின் பிற்பகுதியில் நகர நிர்வாகம் துணிந்தது. நிலவடிவமைப்பாளர் லாரன்ஸ் ஹால்ப்ரினின் யோசனைப்படி, நான்கு வழிச்சாலையாக இருந்த மெயின் தெருவை இரு வழியாகக் குறுக்கி, மிச்ச இடத்தை அகலமான நடைபாதைக்கும் மரங்களுக்கும் கொடுத்தது.

ரீடி ஆற்றின் அருவியை மறைத்து நின்ற வாகனப் பாலத்தையும் பின்னர் இடித்தார்கள். 2004இல் அங்கே நடப்போருக்கான லிபர்ட்டி பாலம் வந்தது.

இப்போது சிக்கல் வேறு. 2010இல் சுமார் 58,000 ஆக இருந்த மக்கள்தொகை 2020இல் 70,000ஐத் தாண்டியது, வாடகையும் ஏறியது. பழைய திட்டம் ஆட்களை வரவழைக்கத் தீட்டப்பட்டது. அடுத்த திட்டமோ, கடைவீதியில் உழைக்கும் சமையல்காரரும் துப்புரவுப் பணியாளரும் நடக்கும் தொலைவில் குடியிருக்க வழிசெய்ய வேண்டும். அவர்களுக்கான வீடுகளுக்கு நகரமன்றம் இப்போதே நிலம் ஒதுக்கட்டும்.