பழைய கேசட்டை டிஜிட்டலாக்கப் போறீங்களா? முதலில் அந்தச் சின்ன ஸ்க்ரூவைப் பாருங்க!

காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் கொல்லிமலை. அங்கே வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் பேசுவதும் தமிழ்தான், ஆனால் உச்சரிப்பு வேற. ஒரு பாட்டி பாடிய பாட்டை 1990-களில் யாராவது கேசட்டில் பிடித்து வைத்திருந்தால், அந்த உச்சரிப்புக்கு இன்றைக்கு அதுதான் சாட்சி. எழுத்தில் அது வராது.

அந்த கேசட்டை மலிவான யூஎஸ்பி வாக்மேனில் போட்டு எம்பி3 ஆக்கிவிட்டு, ‘வேலை முடிஞ்சுது’ என்று நினைப்பதில்தான் ஆபத்து. பெரும்பாலும் குரல் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல மங்கிக் கேட்கும். பழி நாடா மேல் விழும். ஆனால் ஹெட் சாய்ந்திருக்கவும் வாய்ப்பு அதிகம்.

கேசட் நாடா ஒரு நொடிக்கு 4.76 செ.மீ. ஓடுகிறது. ஹெட்டில் மயிரிழை போன்ற ஒரு பிளவு இருக்கும். அது நாடாவுக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு அலை, நாடாவில் 5 மைக்ரான்கூட இல்லை. மோனோ பதிவின் தடமோ 1.5 மி.மீ. அகலம். பிளவு வெறும் 0.18 டிகிரி சாய்ந்தால் போதும், மேல்முனையும் கீழ்முனையும் ஒரு முழு அலை விலகி, அந்த ஒலி தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். சாய்வு இரட்டிப்பானால் 5,000 ஹெர்ட்ஸும் காலி. ‘பேச்சுக்கு இது போதாதா?’ என்று கேட்பவர்கள் கவனிக்க: ‘ச’, ‘ஸ’ எல்லாம் தெளிவாகக் கேட்பது அந்தப் பகுதியில்தான்.

இதில் ஒரு வேடிக்கை. பதிவு செய்த ரெக்கார்டரே கோணலாக இருந்திருந்தால், கேட்கும் பிளேயரும் அதே கோணலில் இருந்தாகணும்! அதனால் கம்பெனி செட்டிங் எல்லா கேசட்டுக்கும் பொருந்தாது. ஒவ்வொரு கேசட்டுக்கும், ஏ, பி பக்கங்களுக்கும் தனித்தனியாகச் சரிபார்க்கணும். உலக ஒலி ஆவணக் காப்பகங்களின் சங்கமான ஐயாசாவின் வழிகாட்டுதலும் இதைத்தான் சொல்கிறது.

வேலை பெரிசில்லை. இயர்பட்ஸில் ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டு ஹெட்டைத் துடையுங்கள். ப்ளே பட்டனை அழுத்தியபடி, ஹெட் பக்கத்தில் ஸ்பிரிங்கோடு இருக்கும் ஸ்க்ரூவைக் காந்தம் ஏறாத சின்ன ஸ்க்ரூ டிரைவரால் மெல்லத் திருப்புங்கள். ஹெட்போனில் மோனோவாகக் கேளுங்கள். ‘ச’ கூர்மையாகும் இடத்தில் நிறுத்துங்கள். அப்புறம்தான் ரெக்கார்டிங், 24 பிட்டில், எம்பி3 ஆக இல்லாமல் வேவ் கோப்பாக.

பிறகு ஈக்வலைசரில் சரிசெய்துக்கலாம் என்பது வீண் நம்பிக்கை. டிரெபிளை ஏற்றினால் ‘ஷ்ஷ்’ இரைச்சல்தான் ஏறும். ஏஐ செயலிகள் இன்னும் மோசம். காணாமல் போன மெய்யெழுத்தை அவை ஊகித்து நிரப்பும். கேட்க நல்லாத்தான் இருக்கும், ஆனால் அது பாட்டியின் உச்சரிப்பு ஆகாது. கிராமங்களில் பழைய குரல்களைச் சேகரிக்கும் கல்லூரி மாணவர்கள் ஆப் தேடுவதற்கு முன், ஒரு ஸ்க்ரூ டிரைவர் வாங்கட்டும். கோப்பு வந்த பிறகும் கேசட்டைக் குப்பையில் போட வேண்டாம். கோணம் தவறியிருந்தால் மறுபடி எடுக்க அது ஒன்றுதான் இருக்கும்.